நீலம் பாய்ந்த தட்டு

சென்னை நொச்சிக்குப்பத்தில் லூப் ரோட்டின் தாருக்கும் படகுகளை ஏற்றி நிறுத்தும் இடத்துக்கும் நடுவே கிடப்பது மணல். மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் கட்டிய வண்டி அதில் இறங்கினால் அதே மணலில் ஏறித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். அப்படி ஏறும் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம் கூடுகிறதே தவிர பிக்கப் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. உடைந்த பொருள் ஆறியதும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. அப்படியானால் உள்ளே கெட்டது எது? மெக்கானிக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், “கிளட்ச் பிளேட் போயிடுச்சு, செட்டா மாத்திடலாம்” என்பது. மாற்றினால் சரியாகிறது. சில மாதங்களில் மறுபடி அதே அலறல். மணலிலும் மேட்டிலும் பாடுபடும் வண்டியில் கிளட்ச் தேய்ந்து சாவதைவிட வெந்து சாவதே அதிகம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வெப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது பாதி ரிப்பேர்.

என்ஜினுக்கு நின்ற நிலையிலிருந்து இழுக்கத் தெரியாது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது அணையாமல் இருக்கும். சக்கரமோ நின்ற இடத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். இரண்டையும் சட்டென்று பூட்டினால் என்ஜின் அணையும், இல்லையென்றால் வண்டி துள்ளிப் பாயும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே சில அடி ஓடி, தன் வேகம் பஸ்ஸின் வேகத்தோடு சேர்ந்த பிறகே படிக்கட்டில் கால் வைப்பார். அந்தச் சில அடி ஓட்டத்தைத்தான் கிளட்ச் செய்கிறது. வேகங்கள் சேரும்வரை நழுவ வேண்டும், சேர்ந்த பிறகு துளியும் நழுவக் கூடாது. இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

மூடியைக் கழற்றினால் ஒரு கிண்ணம் தெரியும். கடைகளில் அதைக் கிளட்ச் பெல் என்றோ அவுட்டர் என்றோ சொல்வார்கள். என்ஜின் சுற்றும்போதெல்லாம் அதுவும் சுற்றும். கிண்ணத்துக்குள்ளே ஹப். அது கியர்பாக்ஸோடு பிணைக்கப்பட்டது. இவற்றின் நடுவே இரண்டு வகைத் தட்டுகள் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. உராய்வுப்பொருள் ஒட்டிய உராய்வுத்தகடுகளின் வெளி விளிம்பில் உள்ள காதுகள் பெல்லின் பிளவுகளில் மாட்டியிருக்கும். வழுவழுப்பான எஃகுத் தட்டுகளின் உள்பற்கள் ஹப்பில் மாட்டியிருக்கும். மேலே ஒரு பிரஷர் பிளேட், அதை அழுத்தும் ஸ்பிரிங்குகள். லீவரைப் பிடித்தால் கிளட்ச் ஒயர் இழுத்து, புஷ் ராட் பிரஷர் பிளேட்டைத் தூக்கும், அடுக்கு தளரும். விட்டால் ஸ்பிரிங் மறுபடி அழுத்தும். இத்தனையும் ஆயிலில் ஊறிக்கொண்டே நடக்கிறது.

ஒரே ஒரு பெரிய தட்டு போதாதா, எதற்கு இந்த அடுக்கு? உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்தது இல்லை, அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று கீய்யோம் அமோந்தோன் 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னார். 1780-களில் சார்ல் கூலும் விதவிதமான பொருள்களை இழுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். பரப்பு இரட்டித்தாலும் பிடி இரட்டிக்காது என்பது நம் உள்ளுணர்வுக்கு ஒவ்வாத செய்தி. காரணத்தைப் பிறகு கேம்பிரிட்ஜில் பவுடன், டேபர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களின் வழியே மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்தார்கள். கண்ணுக்கு முழுதாக ஒட்டியிருக்கும் பரப்புகள் உண்மையில் சில நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொடுகின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. அழுத்தம் கூடினால் அந்த மேடுகள் நசுங்கித் தொடும் இடம் கூடும். பரப்பை விரித்தால் அதே அழுத்தம் பலவாகப் பிரிந்துபோகும். அடுக்கில் நடப்பது வேறு. ஸ்பிரிங்கின் அழுத்தம் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு முழுதாக இறங்குகிறது, எங்கும் பங்கிடப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொரு ஜோடி முகமும் முழு அழுத்தத்தையும் தனித்தனியே பயன்படுத்திக்கொள்கிறது. எட்டு முகங்கள் இருந்தால் பிடி எட்டு மடங்கு. உள்ளங்கையில் அடங்கும் கிளட்ச் ஒரு வண்டியை இழுப்பது இதனால்தான். ஹென்றி செல்பி ஹீலி-ஷா என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1900-களின் தொடக்கத்தில் இந்த அடுக்கை வாகனங்களில் பரவலாக்கினார். இன்றைய மோட்டார் சைக்கிள் வரை அதே யோசனைதான்.

நழுவும்போது வெப்பம் பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்று கேட்டால்தான் வியப்பு. நல்ல சமமான ரோட்டில், என்ஜின் ஒரே வேகத்தில் சுற்ற, கிளட்ச்சை விட்டு வண்டியைக் கிளப்புகிறோம் என்று வையுங்கள். கிளட்ச்சின் இரு பக்கத்திலும் முறுக்கு விசை ஒன்றுதான், வேகம்தான் வேறு. என்ஜின் பக்கம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் பூஜ்யத்தில் தொடங்கி முழு வேகத்துக்கு ஏறுகிறது, அதன் சராசரி பாதி வேகம். அதாவது என்ஜின் கொடுத்த வேலையில் சரிபாதிதான் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது, மறுபாதி தட்டுகளுக்கு நடுவே சூடாகக் கரைந்தது. விலை கூடிய பிளேட் போட்டாலும், மெதுவாக விட்டாலும், வெடுக்கென்று விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வண்டி பெற்ற இயக்க ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு வெப்பத்தைக் கிளட்ச் தின்றே ஆக வேண்டும். வண்டி, ஆள், சுமை எல்லாம் சேர்ந்து 200 கிலோ, கிளட்ச் பூட்டிக்கொள்ளும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், ஒரு கிளப்பலுக்கு ஏறத்தாழ 1,700 ஜூல். இது அதிகமில்லை. ஆயில் அதை அள்ளிக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் நிதானமாக ஓட்டுகிறவரும் முரட்டுத்தனமாக ஓட்டுகிறவரும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை. கணக்கு ஒரே என்ஜின் வேகத்துக்குத்தான் பொருந்தும். ஆக்ஸிலரேட்டரை அலறவிடாமல் குறைந்த சுற்றில் கிளப்புகிறவருக்குக் கிளட்ச் குறைந்த வேகத்திலேயே பூட்டிக்கொள்கிறது. வேகம் பாதியானால் வெப்பம் கால்வாசி. கையின் பக்குவம் என்று ஓட்டுநர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

மணலில் கணக்கு தலைகீழாகிறது. ரோட்டில் கிளட்ச் கடத்தும் விசை ஏறக்குறைய முழுதும் வண்டியின் வேகத்தைக் கூட்டவே போகிறது. உலர்ந்த மணலில் சக்கரம் தன் முன்னே இருக்கும் மணலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், புதைந்த பள்ளத்திலிருந்து ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கடத்தப்படும் விசையில் பாதியை மணல் எடுத்துக்கொண்டால் வேகம் கூட எடுக்கும் நேரம் இரட்டிக்கும், கிளட்ச்சில் பிறக்கும் வெப்பமும் இரட்டிக்கும். பத்தில் ஒன்பது பங்கை மணல் எடுத்துக்கொண்டால் வெப்பம் பத்து மடங்கு. முழுவதையும் எடுத்துக்கொண்டால் வண்டி நகராது, கிளட்ச் பூட்டாது, வெப்பத்துக்கு எல்லையே கிடையாது. ஹாஃப் கிளட்ச்சில் வண்டி தவிக்கும் அந்த நொடிகளில் நடப்பது இதுதான். பத்து மடங்கு என்றால் 17,000 ஜூல். அது அரை கிலோ எஃகில் அப்படியே இறங்கினால் சூடு 70 டிகிரி ஏறும். ஆறவிடாமல் நான்கு தடவை முயன்றால், ஆயில் கொண்டுபோவதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தட்டு 300 டிகிரியைத் தொடுகிறது. உரசும் முகத்தில் இன்னும் கூட. உராய்வுப்பொருள் சூடேற ஏறப் பிடியை இழக்கும். பிடி இழந்தால் இன்னும் நழுவும், நழுவினால் இன்னும் சூடு. ஒரு மணி நேரம் ஆறியதும் பிடி திரும்புகிறது. தொடக்கத்தில் சொன்ன விநோதத்துக்கு விடை இந்தச் சுழல்தான். ஒவ்வொரு சுழலும் திரும்பப் பெற முடியாத கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடுகிறது என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை.

லீவரே இல்லாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். மணலில் ஓடத்தானே செய்கிறது, அதில் ஹாஃப் கிளட்ச் ஏது என்று ஒரு மறுப்பு வரலாம். அதிலும் கிளட்ச் உண்டு. சுழற்சி கூடும்போது வெளியே எறியப்படும் ஷூக்கள் கிண்ணத்தின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும் வகை அது. சுற்று போதாதபோது ஷூ பாதிதான் பிடிக்கும். ஆகவே மணலில் ஊர்ந்து போகும் எக்ஸ்.எல்., ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே ஹாஃப் கிளட்ச்சில் போய்க்கொண்டிருக்கிறது. கணக்கு அதற்கும் அதேதான். ஷூ தேய்ந்துவிட்டது, கிண்ணத்தில் நிறம் ஏறிவிட்டது என்று அங்கேயும் பார்க்கலாம்.

நிறம் என்று சொன்னதை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிளட்ச்சைப் பிரித்தவர் கையில் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி அதுதான். தூய எஃகைக் காற்றில் சூடாக்கினால் மேலே ஆக்ஸைடு படலம் படியும். சூடு கூடக் கூடப் படலம் தடிக்கும். படலத்தின் மேல்முகத்திலிருந்தும் அடிமுகத்திலிருந்தும் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து, தடிமனுக்கு ஏற்பச் சில நிறங்களை அழிக்கும், சிலவற்றை மிஞ்சவைக்கும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். கத்திக்கும் உளிக்கும் பதம் போடும் கொல்லர்கள் தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பிருந்தே இந்த வரிசையைக் கண்ணாலே படித்துவந்திருக்கிறார்கள். நிறம் ஆறினாலும் போகாது. வாரக்கணக்கில் கழித்துப் பிரித்தாலும், அந்தத் தட்டு எவ்வளவு வெந்தது என்பது அதன் முகத்தில் எழுதியிருக்கும். தட்டு முழுதும் சீராக நீலம் என்றால் நீண்ட நேரம் நழுவியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் திட்டுத்திட்டாக நீலம் என்றால் தட்டு வளைந்து, சில இடங்களில் மட்டும் உரசியிருக்கிறது. வளைவைப் பார்க்கத் தட்டைக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். வண்டிக்கு வண்டி எல்லை மாறும். 0.05 மி.மீ. முதல் 0.2 மி.மீ. வரை தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. முடியின் தடிமன் அளவு வளைவே ஒரு தட்டை நிராகரிக்கப் போதும்.

இந்த இடத்தில்தான் செட்டாக மாற்றும் பழக்கம் சறுக்குகிறது. பெரும்பாலான கடைகளில் செட் என்றால் உராய்வுத்தகடுகள் மட்டும். எஃகுத் தட்டுகள் துடைக்கப்பட்டு அப்படியே திரும்ப உள்ளே போகின்றன. நீலம் பாய்ந்து வளைந்த எஃகின் நடுவே புதிய உராய்வுத்தகட்டை வைத்தால், அது சில மேடுகளில் மட்டும் தொட்டு, அங்கே கருகி, பழைய கதையைத் தொடங்கும். அளந்து பார்த்தால் பழைய உராய்வுத்தகட்டின் தடிமன் பல தடவை எல்லைக்குள்ளேயே இருக்கும். தேயவில்லை, முகம் மட்டும் கண்ணாடிபோல் பளபளக்கிறது. வெந்த உராய்வுப்பொருளும் ஆயிலும் சேர்ந்து இறுகிய பளபளப்பு அது.

எமரி ஷீட்டில் நாலு தேய்ப்புத் தேய்த்துப் போட்டால் ஓடுகிறதே என்பார்கள். உண்மைதான், ஓடும். தடிமன் சரியாக இருந்து, எஃகு நீலம் பாயாமல் தட்டையாக இருந்து, பளபளப்பு மேலோட்டமாக இருந்தால் அது நியாயமான வைத்தியம். எஃகு வளைந்திருந்தால் அது ஒத்திப்போடுவது மட்டுமே. தேய்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய கையிருப்புப் பிளேட்டுகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. அதன் தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. உலர்வாகத் தேய்ப்பதும், கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் வேண்டவே வேண்டாம். லாம்பிரெட்டா, ஜாவா போன்ற இன்னும் பழைய வண்டிகளில் தக்கை வைத்த தட்டுகள் இருந்தன. கருகிய தக்கையைத் தேய்த்துப் பயனில்லை.

இன்னொரு பழக்கம், ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பது. அழுத்தம் கூடுவதால் நழுவல் உடனே நிற்கும், ஆகவே இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கேள்வி, ஸ்பிரிங் ஏன் தளர்ந்தது என்பதுதான். திரும்பத் திரும்பச் சூடேறிய ஸ்பிரிங் தன் இயல்பு நீளத்தில் கொஞ்சத்தை நிரந்தரமாக இழக்கிறது. வெர்னியரில் அளந்தால் தெரியும். குட்டையான ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றுவது வைத்தியம். சரியான நீளமுள்ள ஸ்பிரிங்குக்கு வாஷர் வைப்பது, பிடி குறைந்ததற்கான காரணத்தை மறைப்பது. லீவர் கனத்து, ஒயரும் புஷ் ராடும் தாங்க வேண்டிய சுமையும் கூடும்.

ஒயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், கடலோரத்தில் முதல் குற்றவாளி பெரும்பாலும் அதுவாக இருக்கும். உப்புக் காற்றும், ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பு நீரும் உறைக்குள் புகுந்தால் உள்கம்பியின் இழைகள் துருவேறும். துரு இறுக்கத்தால் லீவரை விட்டபிறகும் ஒயர் முழுதாகத் திரும்பாமல் நின்றால், புஷ் ராட் பிரஷர் பிளேட்டைச் சற்றே தூக்கிக்கொண்டே இருக்கும். உராய்வுத்தகடு தேயும்போதும் இதே விளைவுதான். அடுக்கு மெலிய மெலியப் பிரஷர் பிளேட் புஷ் ராடை நோக்கி நகர்ந்து, லீவரின் ப்ளே, அதாவது வெற்று அசைவு, குறைந்துகொண்டே போகும். ப்ளே முற்றிலும் தீர்ந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தட்டுகளுக்குப் பதில் ஒயர் சுமக்கும். கிளட்ச்சைப் பிரிக்கும் முன் லீவர் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெற்று அசைவு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு காசு செலவில்லாத சோதனை. நல்ல பிளேட்டுகள் பல இந்தச் சோதனை செய்யப்படாததால் குப்பைக்குப் போகின்றன.

ஆயிலும் சந்தேகத்துக்குரியதே. கார் ஆயில்களில் எரிபொருள் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டபோது, அதே ஆயிலை ஊற்றிய மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் நழுவத் தொடங்கியது. ஜப்பானின் வாகனத் தர அமைப்பான ஜே.ஏ.எஸ்.ஓ. 1998-இல் இதற்கென்றே ஒரு தரத்தை வகுத்தது. கிளட்ச் தட்டுகளை ஆயிலில் ஊறவைத்துச் சுழற்றி, எவ்வளவு பிடிக்கிறது என்று இயந்திரத்தில் அளந்து, பிடி கூடியதை எம்.ஏ. என்றும் குறைந்ததை எம்.பி. என்றும் பிரித்தார்கள். டப்பாவின் பின்புறம் எம்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கிளட்ச்சும் கியரும் ஒரு லிட்டரைக்கூட எட்டாத தனி ஆயிலில் கிடக்கின்றன. என்ஜினுக்கு வேண்டியதைப் பெட்ரோலோடு போகும் டூ-டி ஆயில் பார்த்துக்கொள்கிறது. அதனாலேயே கியர் ஆயிலை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கருகிய தட்டுகளின் தூள் அதிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

நழுவலுக்கு நேர் எதிரான நோய், லீவரைப் பிடித்தும் கிளட்ச் விடாமல் இழுப்பது. நியூட்ரல் விழாது, கியர் போட்டால் வண்டி முன்னே தாவும். இதற்குப் பெரும்பாலும் பெல்லின் பிளவுகளைப் பார்க்க வேண்டும். உராய்வுத்தகட்டின் காதுகள் அலுமினியச் சுவரில் அடித்து அடித்துப் படிபோல் பள்ளம் வெட்டியிருக்கும். தட்டு விலக வேண்டிய நேரத்தில் அந்தப் படியில் சிக்கிக்கொள்ளும். அரம் கொண்டு ராவிச் சமப்படுத்துவார்கள். பள்ளம் மேலோட்டமானால் சரி. ஆழமாக ராவினால் பிளவு அகன்று, காது இன்னும் தூரத்திலிருந்து வந்து இன்னும் பலமாக அடிக்கும், அடுத்த பள்ளம் விரைவில் வரும்.

ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. ஆகவே பெல்லுக்கும் ஹப்புக்கும் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். பழைய பொருள் என்றாலே கூடாது என்று சொல்ல நான் தயாரில்லை. பிளவில் பள்ளமில்லாத, அடியில் உள்ள டாம்பர் ஆடாத, ரிவெட் தளராத பழைய பெல், தரம் தெரியாத புதியதைவிட நம்பகமானது. அதைக் கண்ணாலும் கையாலும் சோதித்துவிடலாம். உராய்வுத்தகடும் ஸ்பிரிங்கும் அப்படியில்லை. அவை பட்ட வெப்பத்தின் வரலாறு உள்ளுக்குள் இருக்கிறது, எல்லாமே வெளியே தெரியாது. அவற்றை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் புதிதாகவே வாங்க வேண்டும், எஃகுத் தட்டுகளையும் சேர்த்து.

மணலில் ஓட்டுவதற்காகவே வண்டியை மாற்றியமைப்பவர்கள், டர்ட் டிராக் பந்தயக்காரர்கள் உட்பட, முதலில் வலுவான கிளட்ச்சைத் தேடுகிறார்கள். வெப்பக் கணக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை 15 சதவீதம் கூட்டினால், அதே என்ஜின் சுற்றில் கிளட்ச் பூட்டிக்கொள்ளும் வேகம் குறைந்து, ஒரு கிளப்பலின் வெப்பம் கால் பங்கு குறைகிறது. அதோடு சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடுவதால் மணல் எடுத்துக்கொள்ளும் விகிதமும் குறைகிறது. உச்ச வேகம் போகும் என்பது மறுப்பு. மயிலாப்பூர் வரை மீன் கொண்டுபோகிற வண்டிக்கு அது இழப்பே இல்லை.

புதிய உராய்வுத்தகடுகளை மாட்டும் முன் சில மணி நேரம் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த முகத்தோடு முதல் தடவை நழுவினால் அந்த ஒரே தடவையில் கருகத் தொடங்கும். மாட்டிய பிறகு சோதிப்பது எளிது. காலியான சமமான ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறக்க வேண்டும். சத்தம் மட்டும் தாவி ஏறி வேகம் பின்தங்கினால் நழுவுகிறது. இதை வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு தடவை செய்ய வேண்டும். இரண்டு தடவையும் நழுவினால் ப்ளேயையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். சூட்டில் மட்டும் நழுவினால் முதலில் ஆயிலை மாற்றுங்கள், அதற்குப் பிறகும் நழுவினால் மூடியைக் கழற்றி எஃகுத் தட்டுகளின் நிறத்தைப் பாருங்கள்.